முத்திரையும் அதன் பொருளும்

மென்பொருள் அமைப்பாளர் தம் கருத்தைப் படமாக வரைய, அப்படத்திலிருந்தே கணினி நிரலை எழுதித் தரும் என்பது நெடுநாளாகப் பேசப்படும் கொள்கை. 1997ஆம் ஆண்டில் ஓ.எம்.ஜி. என்னும் தர அமைப்பு ஏற்ற யூ.எம்.எல். வரைமொழி இதற்குப் பெருங்கருவியாயிற்று. அஃது எல்லாத் துறைக்கும் பொதுமொழி. ஆதலின், தனித்துறை நுட்பங்களைக் குறிக்க 'ஸ்டீரியோடைப்' என்னும் முத்திரையையும், முத்திரைகளின் தொகுதியாகிய 'புரொஃபைல்' என்பதையும் அதில் அமைத்தனர்.

ஸ்டீரியோடைப் அச்சகத்தார்க்குப் பழகிய சொல். கோத்த எழுத்துப் பக்கத்திற்கு அச்செடுத்து, உலோகம் வார்த்து, ஒரே தகடாக்குவது அது. பக்கம் முழுவதும் அத்தகட்டிலேயே உண்டு. மென்பொருள் முத்திரையிலோ பெயர் மட்டுமே உண்டு. 'வாடிக்கையாளர்' என்னும் வகுப்பின்மேல் «என்டிட்டி» என்று எழுதினால், ஒரு நிரலாக்கி அதற்கு அட்டவணையும் ஜாவா வகுப்பும் ஆக்கித் தரும்; வேறொன்று அதனைப் பொருட்படுத்தாமலே போகும். பொருள் நிரலாக்கியின் வார்ப்புருவில் உறைகிறது. பிரெஞ்சு மேற்கோட்குறிக்குள் இட்டதும் சொல்லுக்கு அதிகாரம் வந்துவிட்டதாக எண்ணுவோரும் உளர்!

புரொஃபைல் மூலமொழியோடு சேர்க்கலாமேயன்றி அதனை மாற்றலாகாது என்ற விதி நன்றே. குறை, முத்திரைக்கு வைக்கும் பெயரில் இருக்கிறது. 'என்டிட்டி பீன்' என்பது இ.ஜே.பி. என்னும் ஜாவாத் தொழில்நுட்பத்திற்கே உரிய பெயர். அதனைத் தாங்கிய படங்களுக்கு நேர்ந்தது யாது? 2006ஆம் ஆண்டில் வந்த இ.ஜே.பி. மூன்றாம் பதிப்பு, பழைய பீன் முறைக்குப் பதிலாக எளிய வகுப்புகளையே குறிப்பிட்டுப் பயன்படுத்தும் வழியைத் தந்தது. வாடிக்கையாளர் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. அவற்றின்மேல் குத்திய முத்திரை மட்டும் பழையதாயிற்று. எக்கருவியையும் சாராதது எனப் போற்றிய படம் ஒரு கருவியின் ஆயுளோடு கட்டுண்டு கிடந்தது.

2003ஆம் ஆண்டில் ஓ.எம்.ஜி. வெளியிட்ட எம்.டி.ஏ. வழிகாட்டியிலேயே இதற்கு மருந்து உண்டு. இத்தகைய குறிகள் மூலப்படத்தின் பகுதியல்ல. அதன்மேல் விரித்த ஒளிபுகும் தாளில் இட்டவை எனக் கொள்ளலாம் என்பது அந்நூலின் கருத்து. தாளை மாற்றினால் படம் பழுதின்றி நிற்கும். படத்திலேயே முத்திரை வேண்டுமெனின், 'நிலையாகச் சேமிக்கத்தக்கது' என்பதுபோல் துறைக்குரிய பெயரை இடலாம். அதனை எந்தத் தொழில்நுட்பத்தில் ஆக்குவது என்பதை வார்ப்புரு பார்த்துக்கொள்ளும்.

அட்டவணைப் பெயரையும் பத்தியின் நீளத்தையும் முத்திரையோடு சேர்த்து எழுதும் வழக்கம் இதனினும் பொருந்தாதது. அவை தரவுத்தளம் அமைப்போரின் கணக்கு. வாடிக்கையாளர் என்பவர் யார் என்று ஆராயும் படத்திற்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.