பாவக் கணக்கும் இரத்தக் கதையும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் 1586இல் ஒரு தடித்த புத்தகம் அச்சேறியது. புனிதர்களின் வாழ்வையும் சாவையும் தமிழ் உரைநடையில் சொல்லும் ‘அடியார் வரலாறு’. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு கொச்சியில் அச்சானது ‘கொம்பெசியொனாயரு’ என்ற பாவசங்கீர்த்தனக் கையேடு. இரண்டும் போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் பெயரில் வந்தவை. அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் எது முதல், எது மூன்றாவது என்று வரிசை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கும் எழுத்தும் சித்திரவதையைக் கதையாக்கும் எழுத்தும் ஒரே மேசையில் பிறந்திருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை.

முதலில் கையேடு. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவங்களை வகை, எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்று விதித்திருந்தது. பத்துக் கட்டளைகளின் வரிசையில் குருவானவர் கேட்டுக்கொண்டே போவார். முழந்தாளிட்டவர் செய்தேன், செய்யவில்லை, இத்தனை தரம் என்று சொன்னால் போதும். சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளர்களை நம்பித்தான் வேலை செய்தார். மூன்றாவது ஆளை நடுவில் வைத்துக்கொண்டு யார்தான் மனம் திறப்பார்கள்? தமிழில் நேராகக் கேட்க வழி செய்தது அண்டிரிக்கின் பெரிய காரியம். அதற்காக அவர் புலவர் நடையை நாடவில்லை, கரையில் புழங்கிய பேச்சை எடுத்துக்கொண்டார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்க’த்துக்கு மனுவேல் தெ சான் பெத்ரு என்ற தமிழ்க் குருவும் உடன் உழைத்தார். ஆகவே இந்த மொழியை ஓர் அந்நியரின் தனிச் சாதனையாகக் கொண்டாடுவது சரியாகாது. அச்சுக்குப் பணம் கொடுத்தவர்களும் இக்கரையின் பரதவர்களே.

பாவத்தைப் பொதுவாகப் புலம்பவிடாமல் குறிப்பாகக் கேட்பதுதான் இந்த வடிவத்தின் வலிமை. களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை முத்துக்குளித்துறையில் எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்தவன், சம்மாட்டியின் கண் வேறுபக்கம் திரும்பிய நேரத்தில் ஒன்றைப் பிளந்து முத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிறான். எத்தனை முறை? மந்திரவாதியை நாடினாயா என்ற கேள்வி இவ்வகைக் கையேடுகளில் தவறாமல் வரும். சுறா அண்டாமல் இருக்கக் கடல்கட்டி என்ற மந்திரவாதியைக் கூட்டி வந்து மந்திரம் சொல்ல வைப்பது மார்க்கோ போலோ எழுதிய காலத்திலேயே இக்கரை வழக்கம். குளியாளிக்கு அது உயிர்க்காப்பு, கையேட்டுக்கோ முதல் கட்டளையை மீறிய பாவம். ஒரு சிறுகதைக்கான முரண் அந்த ஒற்றைக் கேள்விக்குள் கிடக்கிறது.

ஆனால் அது கதையாவதில்லை. பாவியின் வாயில் ஆமும் இல்லையும் எண்ணும்தான். ஏன் செய்தான் என்பதற்கு அங்கே இடமே இல்லை. தன்னை நாய் என்று சொல்லிக்கொண்ட மாணிக்கவாசகரிடமும் உடம்பை வெறுத்துப் பாடிய பட்டினத்தாரிடமும் குற்றவாளியே பேசினார். கேள்வி கேட்பவர் எதிரே இல்லை. இங்கே கேட்பவர் மட்டுமே பேசுகிறார். தமிழில் அச்சுக்கு வந்த முதல் ஒப்புதல் எழுத்து, ஒப்புக்கொள்பவருடைய குரல் இல்லாத எழுத்து.

‘அடியார் வரலா’ற்றில் நிலைமை நேர்மாறு. கதை தாராளமாகவே இருக்கிறது. மறைசாட்சியின் வரலாற்றுக்கென்று ஐரோப்பாவில் வார்த்தெடுத்த ஓர் அச்சு உண்டு: கொடுங்கோலன், விசாரணை, ஆசை காட்டல், வதை, சாவு. சாவை நோக்கி வாசகரை இழுத்துச் செல்லும் அந்த வேகத்தைத் தமிழ் உரைநடைக்கு, அதுவும் செய்யுளின் துணையில்லாமல், பல நூறு பக்கங்களுக்குக் கொண்டுவந்தது சின்ன வேலையல்ல. புள்ளியில்லாத மெய்யெழுத்தும் குறில் நெடில் பிரியாத எகர ஒகரமும் இன்றைய கண்ணைச் சோதிக்கும். சே. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் தூத்துக்குடியிலிருந்து அதைப் பதிப்பித்ததால் தப்பித்தோம்.

குறை வேறு இடத்தில். அந்த இரத்தம் பெரும்பாலும் தொலைதூர இரத்தம். வேதாளையில் 1549இல் அண்டிரிக்கின் சபைத் தோழர் அந்தோனி கிரிமினாலி குத்திக் கொல்லப்பட்டார். அவர் வகித்த பொறுப்பு அண்டிரிக்கின் தோளில் விழுந்தது. புன்னைக்காயலே 1553இல் தாக்கப்பட்டுப் பகைவர் கையில் சிக்கியது. கண்ணெதிரே நடந்த இருட்டு இவ்வளவு இருந்தும், பட்டம் பெற்ற புனிதர்களின் வரிசையில் அதற்கு இடமில்லை. நூலின் வடிவம் விதித்த எல்லை அது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த எல்லையால் அவருடைய கதைகளில் வருகிறவர்களுக்குத் தயக்கமே இல்லாமல் போயிற்று. புனிதர் அஞ்சுவதில்லை, அரசன் இரங்குவதில்லை. கையேட்டில் கேள்விக்குள்ளான, ஒரு முத்துக்காகச் சபலப்பட்ட மனிதன் இந்தப் பக்கங்களுக்குள் நுழையவே முடியாது.

அவனை உள்ளே விட நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ம் (2004) ‘கொற்கை’யும் (2009) பரதவரின் பாவத்தையும் பழியையும் அவர்கள் பேச்சிலேயே கதையாக்கின. கவிதை, நாவல் இரண்டிலும் இயங்கி 2021இல் மறைந்த ஜெ. பிரான்சிஸ் கிருபா இன்னொரு எல்லைக்குப் போனார். ‘மெசியாவின் காயங்கள்’ எழுதிய கவிஞரின் ‘கன்னி’ நாவலில், மனம் பிறழ்ந்த இளைஞன் பாண்டியின் உள்ளே ஆசையும் குற்றவுணர்வும் கிறித்தவப் படிமங்களாகப் பொங்குகின்றன. அண்டிரிக் கொடுக்காத குரல் இங்கே தட்டில்லாமல் கிடைக்கிறது. ஆனால் நிறுத்திக் கேட்க ஆளில்லாததால் வலி அடுக்கடுக்காகப் படிமமாகி, எந்தச் செயலுக்கான வலி இது என்பது பல பக்கங்களில் நழுவிப்போகிறது. எத்தனை தரம், யாரிடம், எப்போது என்று கேட்கும் அந்தக் கறாரான குரலில் கொஞ்சம் அந்த நாவலுக்குள் இருந்திருந்தால், நூறு பக்கமாவது குறைந்திருக்கும். பாண்டியின் துயரம் இன்னும் கூர்மையாகத் தைத்திருக்கும்.