சொல்லுக்கும் வயது உண்டு

மறையுரைகளில் அடிக்கடி எதிர்ப்படும் விளக்கம் ஒன்று உண்டு. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் நற்செய்தியைக் கடவுளின் வல்லமை என்கிறார். அங்குள்ள கிரேக்கச் சொல் 'தூனமிஸ்'. 'டைனமைட்' என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. ஆகவே நற்செய்தி ஒரு வெடிமருந்து என்று முடிப்பர். கேட்போர் சிலிர்ப்பர். ஆனால் ஆல்ஃபிரட் நோபல் தம் வெடிபொருளுக்கு அப்பெயரிட்டது 1867இல்; பவுல் எழுதியதோ கி.பி. 57 வாக்கில். பேரனின் முகத்தைக் காட்டி, 'இவன்தான் பாட்டன்' என்பது போன்றது இது. மேலும், வெடி பாறையைப் பிளக்கும். பவுல் கூறும் வல்லமையோ மீட்பளிக்கும்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், முகமலர்ச்சியோடு கொடுப்பவரைக் குறிக்கும் சொல் 'ஹிலரோஸ்'. அதன் ஆங்கில வழித்தோன்றலான 'ஹிலேரியஸ்' இன்று வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதைக் குறிக்கிறது. அப்பொருளை அங்கே ஏற்றினால், காணிக்கைத் தட்டின் முன் கைகொட்டிச் சிரிப்பவரே சிறந்த கொடையாளர் ஆவார்!

இவை நகைப்போடு போய்விடும். மூன்றாவது அப்படியன்று. திருத்தூதர் பணிகள் நான்காம் அதிகாரத்தில் தலைமைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் 'இதியோத்தாய்' எனக் கருதினர். இன்றைய 'இடியட்' இதன் வழிவந்ததே. எனினும் அக்காலத்தில் அது அறிவிலியைக் குறிக்கவில்லை. பதவியோ தனிப்பயிற்சியோ இல்லாத பொதுமனிதரைக் குறித்தது. பவுலே, தாம் பேச்சில் 'இதியோத்தேஸ்', அறிவில் அல்ல என்று எழுதுகிறார். அச்சொல் மூடரைக் குறித்திருந்தால் அவ்வேறுபாடே பொருளற்றதாகும். தூதர்களை மூடர்களாக்கும் வாசிப்பு அக்காட்சியின் உயிரையே பறித்துவிடுகிறது. சங்கத்தார் வியந்தது மூடர் பேசியதற்காக அன்று. பேசும் உரிமை தங்களுக்கே உரியது என்று எண்ணியிருந்த அவர்கள் முன், சாதாரண மீனவர் துணிவுடன் பேசியதற்காக.

பொருள் மாற்றம் எல்லாமே திரிபு என்பதும் தவறு. 'மார்த்துஸ்' என்றால் முதலில் சாட்சி மட்டுமே. சாட்சி சொன்னவர்கள் உயிரையும் கொடுத்தபோது, அச்சொல் அவர்களது குருதியால் புதுப்பொருள் பெற்றது. ஆங்கிலத்தின் 'மார்ட்டர்' பழம்பொருளை மறந்துவிட்டது. தமிழின் 'மறைசாட்சி' இரண்டையும் காத்து நிற்கிறது.

ஆகவே, ஒரு சொல் பின்னாளில் எதைப் பெற்றெடுத்தது என்பதற்கு முன், அதை முதலில் கேட்டவர் செவியில் எவ்வாறு ஒலித்தது என்று கேட்பதே நேர்மையான வாசிப்பு.