அந்த எலி என்ன தின்றது?

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து சித்தப்பா பையன் ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் தள்ளிவிட்டிருந்தான். கூடவே ஒரு குரல் பதிவு: "ஏனுங்ணா, மீன் எண்ணெயில சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எலிக்கே சரியாயிருச்சாமே. பாப்பாவுக்கு என்சைம் மாத்திரையைக் குறைச்சுட்டு இதைக் குடுத்துப் பாக்கலாமுங்களா?"

அவன் மகளுக்கு அந்த நோய். மாத்திரைக்கு மாசாமாசம் என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும். அதனால ஒரு வரியில் திட்டிவிட்டுப் போக மனசு வரலை. நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுகிறவன். ஆனாலும் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன்.

செய்தி முழுப் பொய் இல்லை. 1999-இல் பாஸ்டனில் ஃப்ரீட்மன் குழு பிஎன்ஏஎஸ் இதழில் எழுதியது. சிஎஃப்டிஆர் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் கணையம், நுரையீரல், சிறுகுடலில் டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் குறைவாக இருந்தது. நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் கொடுத்ததில் அது சரியானது. கணைய நாள வீக்கமும் குறைந்தது. கவனமாகச் செய்த வேலைதான்.

ஆனால் இந்த எலிகளுக்குச் சாப்பாடே ஒரு பிரச்சினை. 1992-இல் வட கரோலினாவில் முதன்முதலாக உருவாக்கியபோது பெரும்பாலானவை குடல் அடைத்தே செத்தன. அப்புறம்தான் திரவ உணவு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அதாவது, சோதனை தொடங்கும் முன்பே உணவு மாறியாச்சு. சாஃப்ட்வேரில் டெஸ்ட் ஓடணும்னே என்விரான்மென்ட்டை மாற்றிவிட்டு, பிறகு ரிசல்ட்டைப் பேசுகிற மாதிரி. அப்போது எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

இதை நெதர்லாந்துக் குழு ஒன்று 2004-இல் நோண்டிப் பார்த்தது. நோய் எலிக்கும், அதே ஈத்தில் பிறந்த நல்ல எலிக்கும் டிஎச்ஏ அளவில் வித்தியாசமே இல்லை. அதே வயசு, அதே திரவ உணவு, ஆனால் வேறு வம்சத்து எலியை எதிரில் வைத்தால் வித்தியாசம் வந்துவிடுகிறது! இரு குழுவின் எலிகளும் வேறு வேறு வகை என்பதால் பாஸ்டன் முடிவு தப்பு என்று சொல்ல மாட்டேன். கொழுப்புக் குறைபாடு இந்த நோயோடு ஒட்டிப் பிறந்ததல்ல என்ற அளவுக்குச் சொல்லலாம்.

அளவையும் பாருங்கள். எலி 20 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 2 கிராம். வழக்கமான உடற்பரப்புக் கணக்கில் இறக்கினாலும் 50 கிலோ ஆளுக்கு 8 கிராம் டிஎச்ஏ வருகிறது. சாதாரண மீன் எண்ணெய் கேப்ஸ்யூலில் சுமார் 120 மில்லிகிராம்தான் இருக்கும். அறுபதுக்கு மேல் விழுங்கணும், தினமும். மனிதர்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வும், வழக்கமாகக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்த எலிகளுக்குக் கணையம் பெரும்பாலும் வேலை செய்கிறது. நோயுள்ள மனிதர்களில் பெரும்பாலோருக்கு அப்படி இல்லை, அதனால்தான் என்சைம். எலிக்கு முதலிலேயே தேவைப்படாத மாத்திரையை, எலியைக் காட்டிப் பாப்பாவுக்குக் குறைக்கலாமா? குறைத்தால் தின்ற கொழுப்பு ஒட்டாமல் வெளியே போகும், எடை இறங்கும். அந்த மீன் எண்ணெயும் கொழுப்புதானே.

ராத்திரியே கூப்பிட்டுச் சொன்னேன். மாத்திரையில் கை வைக்காதே, மீன் எண்ணெய் வேணும்னா டாக்டரைக் கேட்டுட்டுக் குடு, வெயில் ஏறுது, வேர்வையில் உப்புப் போயிடும், அவர் சொன்ன உப்பை விட்டுடாதே என்று.

"சரிங்ணா" என்றான். கொஞ்சம் விட்டு, "அப்பத் தேங்காய் எண்ணெய்ங்ணா?"

பொள்ளாச்சிக்காரன். அதுக்குத் தனிப் பதிவுதான் எழுதணும்.