செய்கூலி இல்லாத கொலுசு

தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகள் சிலவற்றை வாசித்தேன். பெரும்பாலும் ஒரே அச்சு. பிரச்சினையைச் சொல், நோக்கத்தைச் சொல், செயல்பாடுகளைப் பட்டியலிடு, விளைவை எப்படி அளப்பாய் என்று எழுது, கடைசியில் பட்ஜெட் போடு. 1969இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்டுக்காக உருவான ‘லாக்ஃப்ரேம்’ அட்டவணையின் சாயல் இதில் இன்னும் இருக்கிறது. வரிசையில் தப்பில்லை. என் குறை பட்ஜெட் பகுதி மேல்தான். மற்றதற்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இங்கே வந்ததும் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்: “நிர்வாகச் செலவைக் குறைச்சுக் காட்டுங்க.”

இது ஏன் மோசமான அறிவுரை? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன இடம். உருக்க ஒருவர், கம்பி இழுக்க ஒருவர், பற்றவைக்க ஒருவர், மெருகேற்ற ஒருவர் என்று பல கை மாறித்தான் ஒரு ஜோடி கொலுசு வரும். அதனால் வெள்ளி விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேரும். ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று விளம்பரம் செய்கிற கடையும் அதை வேறெங்கோ சேர்த்துத்தான் வைத்திருக்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும்.

விண்ணப்பங்களில் நடப்பதும் அதுதான். கணக்கரின் சம்பளம் ‘பயிற்சி’யில் ஒளியும், வாடகை ‘களப்பணி’யில் ஒளியும். இல்லாவிட்டால் அதை யாருமே கொடுக்காமல், நிறுவனம் மெலியும். 2009இல் ஆன் கோகின்ஸ் கிரிகரியும் டான் ஹோவர்டும் இதைத்தான் ‘பட்டினிச் சுழற்சி’ என்றார்கள். நன்கொடையாளர் குறைவாக எதிர்பார்க்கிறார், நிறுவனம் குறைத்துக் காட்டுகிறது, அதைப் பார்த்து அவர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்.

சட்டமும் கொஞ்சம் பயமுறுத்துகிறது. வெளிநாட்டு நிதிக்கான எஃப்சிஆர்ஏ சட்டம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கியது. உள்நாட்டில், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் விதிகளில் 5 சதவீத நிர்வாக வரம்பு ஒன்று வருகிறது. பலரும் இதைத் தொண்டு நிறுவனத்துக்கான வரம்பாக வாசிக்கிறார்கள். அப்படி இல்லை. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று 2021இல் திருத்திய விதியே சொல்கிறது. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் தங்கள் பட்ஜெட்டைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள்!

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களின் குழந்தைகள் 30 பேருக்கு, பத்து மாத மாலை வகுப்பு. ஆசிரியர் இருவருக்கு மாதம் ரூ.8,000 வீதம் ரூ.1,60,000. புத்தகம், நோட்டு ரூ.30,000. அறை வாடகை ரூ.40,000. கணக்கு, தணிக்கை ரூ.20,000. மொத்தம் ரூ.2,50,000. வாடகையை நிர்வாகத்தில் தள்ளினால் அது 24 சதவீதம், பார்க்கிறவர் முகம் சுளிப்பார். ஆனால் அந்த அறை இல்லாமல் வகுப்பே இல்லை. சிஎஸ்ஆர் விண்ணப்பத்தில் அதைத் திட்டச் செலவாகவே, காரணத்தோடு எழுதலாம். அப்போது நிர்வாகம் 8 சதவீதம்தான். எதையும் மறைக்கவில்லை, செலவை அதன் இடத்தில் வைத்தோம், அவ்வளவுதான்.

நன்கொடையாளரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சேவை என்ற பெயரில் சம்பளம் மட்டும் வாங்கும் அமைப்புகளும் உண்டு. ஆனால் குறைத்துக் காட்டச் சொல்வதால் அவர்களைப் பிடிக்க முடியாது. ஒளிக்கத் தெரிந்தவர் தப்பிப்பார், நேர்மையாக எழுதியவர்தான் மாட்டுவார். எந்தச் செலவு எந்த வேலைக்கு என்று வரி வரியாகக் கேட்டால் இருவரும் பிரிந்து தெரிவார்கள்.

என்னைக் கேட்டால், விண்ணப்பத்தை பட்ஜெட்டிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். யார், எத்தனை நாள், எங்கே, எவ்வளவு கூலிக்கு வேலை செய்வார் என்று எழுதிவிட்டால், செயல்பாடுகள் தானாக வந்து உட்காரும். அலங்காரமான பிரச்சினை விவரிப்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் அந்த அறையைத் திறந்து விளக்குப் போடுகிறவருக்கு மாதாமாதம் சம்பளம் கிடைக்குமா என்பதற்கு அந்த விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும்.