முள்மரமும் அணுவுலையும்

திருக்குறளிலே பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரத்தின் ஒன்பதாங் குறள், முள்மரத்தைக் கன்றாய் இருக்கும்போதே களைதல் வேண்டும், முற்றினால் அது வெட்டுவார் கையையே வருத்தும் என்னும் கருத்துடையது. அணுவாயுதம் ஆக்க முயலும் நாட்டை முற்பட்டுத் தாக்குதல் நீதியே என வாதிப்போர்க்கு இதனினும் வாய்ப்பான சான்று கிடைத்தல் அரிது. ஆயினும், அவ்வுவமை ஈண்டுப் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

1981 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் நாள், பக்தாத் நகரின் அருகே பிரான்சின் உதவியோடு எழுந்த ஒசிராக் அணுவுலையை இஸ்ரேலிய விமானங்கள் குண்டுவீசி அழித்தன. உலை இயங்கத் தொடங்கியபின் தாக்கின் நச்சுக்கதிர் பரவும். ஆதலின் முன்னரே அழித்தோம் என்றது இஸ்ரேல். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அச்செயலை ஒருமனதாகக் கண்டித்தது. எனினும், 1990 இல் ஈராக் குவைத்தைக் கவர்ந்தபோது அவ்வுலை நின்றிருப்பின் என்னாகியிருக்கும் என வினவுவார் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

அதற்கு விடை வரலாற்றிலேயே உண்டு. வெளிப்படையாய் நின்ற உலை அழிந்தபின் ஈராக்கின் முயற்சி ஒழிந்திலது. மறைவிடம் புகுந்து பெருகிற்று. 1991 ஆம் ஆண்டுப் போருக்குப்பின் நாட்டினுட் சென்ற சர்வதேசப் பரிசோதகர்களே அதனை வெளிப்படுத்திக் களைந்தனர். 2003 இலோ, அவர்கள் தம் பணியை முடிக்குமுன்னரே, பேரழிவாயுதங்கள் உள எனக் கூறி அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக்கின்மேற் படையெடுத்தன. தேடிய ஆயுதங்கள் அங்கே இல்லை. கோடரி ஓங்கிய இடத்தில் முள்மரமே இருந்திலது.

2025 யூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணுநிலையங்களைத் தாக்கின. அடுத்த மாதமே ஈரான், சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தோடு ஒத்துழைத்தலைச் சட்டத்தால் இடைநிறுத்திற்று.

இனி, அதிகாரத்தின் பெயரை நோக்குக. அது பகையழித்தல் அன்று, பகைத்திறந் தெரிதல். தெரிதல் முன்னது, களைதல் பின்னது. முதற் குறள் விளையாட்டாகவும் பகையை விரும்பலாகாது என்கிறது. நான்காங் குறள் பகையையும் நட்பாக்கி ஒழுகுவானது பெருமையுள் உலகம் தங்கும் என்கிறது. இவற்றை விடுத்து ஒன்பதாவதை மட்டும் பிரித்தெடுத்தல் நூற்கருத்தன்று. முற்பட்ட தாக்குதலின் பெருங்குற்றம், தெரிதற்குரிய வழியையே அது வெட்டிவிடுதலாம்.

வேறு வழி இல்லையோ எனின், உண்டு. ஒருவர் அணுநிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசெம்பர் 31 இல் ஒப்பந்தஞ் செய்தன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வருகின்றன. 1999 இற் கார்கிலிற் பொருத பின்னரும் அவ்வழக்கம் நின்றிலது. மன்னார்க் குடாவுக்கு அப்பால், கூடங்குளத்தில் அணுவுலைகள் இயங்குகின்றன. காற்றுக்கும் கடலுக்கும் எல்லைக்கோடு இல்லை. ஆதலின், அவ்வொப்பந்தத்தின் நிழலில் வாழ்வாருள் யாமும் உளேம்.

1995 இல் நியூயோர்க்கிலே அணுவாயுதப் பரவலைத் தடுக்கும் உடன்படிக்கையைக் காலவரையறையின்றி நீடித்த மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஜயந்த தனபால. ஆயுதமுடைய நாடுகள் அதனைக் கைவிடுதற்கு முயலவேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் பகுதியே. தம் வளவில் முற்றிய முள்மரங்களைப் பேணிக்கொண்டு அயலான் வளவிற் கன்று வெட்டப் புகுவாரின் சொல் அறமென எடுபடுமா என்பதை அறிஞர் சிந்திப்பாராக.