வெட்டும் கட்டும்: ஆடுபுலி ஆட்டத்தில் ஆற்றலும் போர்விதியும்

ஆடுபுலி ஆட்டம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் விதிகளை இரண்டு வரிகளில் கூறி முடித்து, ஒன்றுபட்ட எளியோர் வலியோரை வெல்வர் என்னும் நீதிக்குச் சென்றுவிடுகின்றனர். இந்நீதி ஆட்டத்திலிருந்து பெறப்பட்டதன்று, அதன்மேல் ஏற்றப்பட்டது. காய்களின் பெயரைக் கொண்டு அன்றி, அவற்றுக்கு விதி அளிக்கும் ஆற்றலையும் போர்முறையையும் கொண்டே ஆட்டத்தின் பொருளைத் துணியவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பரவலாக அறியப்பட்ட அமைப்பில் 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். உச்சியில் 1 புள்ளி; அதிலிருந்து இறங்கும் 4 கோடுகளைக் குறுக்கே வெட்டும் 3 வரிசைகளில் வரிசைக்கு 6; அடிக்கோட்டில் 4. வரிசைகளின் இரு முனைகளையும் செங்குத்துக் கோடுகள் இணைக்கும். புலி அடுத்த வெற்றுப் புள்ளிக்கு நகரும். அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கப்பால் வெற்றிடம் இருப்பின் தாண்டி வெட்டும். ஆடு எக்காலத்தும் வெட்டாது. புலிகள் நகரவியலாதவாறு அடைத்துக் கட்டுவதே அதன் வெற்றி.

இவ்விதியைக் கூர்ந்து நோக்கின், புலியின் ஆற்றல் புலியிடம் இல்லை என்பது புலப்படும். அது ஆட்டின் முதுகுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. உச்சிப் புலியை, பிற புலிகள் அருகில் இல்லாதபோது, கட்ட 8 ஆடுகள் வேண்டும்: அடுத்துள்ள 4 புள்ளிகளும் அவற்றுக்கு அப்பாலுள்ள 4 புள்ளிகளும் நிரம்பவேண்டும். அதே புலி அடிக்கோட்டின் மூலைக்கு இறங்கிவிட்டால் 4 ஆடுகளே போதும். ஆட்டின் நிலையும் இத்தகையதே. உச்சி, அடிக்கோட்டின் இரு மூலைகள், வரிசைகளைச் சூழ்ந்த செவ்வகத்தின் நான்கு மூலைகள் ஆகிய 7 புள்ளிகளிலும் கோடுகள் யாவும் முடிவடைவதால், அங்கு நிற்கும் ஆட்டை எந்தப் புலியும் தாண்டவியலாது. துணையின்றி மூலையில் தனித்து நிற்கும் ஆடு, நடுவில் கூட்டத்தோடு நிற்கும் ஆட்டைவிடப் பாதுகாப்பானது. ஒற்றுமை என்னும் விளக்கம் முறிவது இவ்விடத்தில்தான். கூட்டம் காப்பது உண்மையே. ஆனால் ஒன்றின் பின்னிடத்தை மற்றொன்று நிரப்பும் அளவிற்கு மட்டுமே அது காக்கிறது.

இதற்கு நேர்மாறான அமைப்பைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் காணலாம். வலிமை, அறிவு, உடலுறுதி முதலிய ஆறு ஆற்றல்கள் எண்களாகப் பாத்திரத்தோடே பிறக்கின்றன. மும்மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை பெறப்படும் எண்கள் அவை. அடி பட்டதா என்பதை 20 முகப் பகடையும் எதிரியின் கவச எண்ணும் தீர்மானிக்கும். அங்கே கவசம் உடலுக்குரியது, இங்கே இடத்துக்குரியது. ஆடுபுலியில் பகடையும் இல்லை; தோற்றவர் ஊழைப் பழிக்க வழியில்லை.

தமிழ்ப் போரிலக்கணத்தோடு ஒப்பிடுதலும் பயனுடைத்து. தொல்காப்பியம் மதிலை முற்றுவோனையும் காப்போனையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்க, ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை காப்போனுக்கு நொச்சியை வேறாக்கியது. ஆநிரை கவர்தலாகிய வெட்சிக்கு எதிரே மீட்டலாகிய கரந்தையை நிறுத்தியது. ஆயினும் இருபுறத்தாரும் மறவரே; சூடும் பூ மாறினும் படைக்கலம் மாறுவதில்லை. இருதரப்புக்கும் வெவ்வேறு வினையையே வகுத்தளித்த போர் ஆடுபுலியினுடையது: ஒன்றுக்கு வெட்டு, மற்றொன்றுக்குக் கட்டு.

நீலகிரியின் மேற்கு விளிம்பில், நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதையின் தலைப்பில் அமைந்தது நாடுகாணி. தேயிலையும் காடும் மேய்ச்சலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் அக்கூடலூர் வட்டாரத்தில் புலி கொடுங்கோலனுக்கு உருவகம் அன்று, புலியேதான். கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மனிதரையும் கால்நடைகளையும் கொன்றதாகக் கருதப்பட்ட எம்டிடி 23 என்னும் புலி, பல நாள் தேடலுக்குப் பின் 2021 அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆட்டத்தின் சொல்லில் கூறின், அது கட்டுதல். இவ்வொப்புமையை மிகையாக இழுத்தல் தகாது. உயிரிழந்தோரின் வீட்டார்க்கு அது விளையாட்டன்று. எனினும் புலியைக் களத்திலிருந்து நீக்கும் வழி எதையும் இவ்விதி வைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஆடு வென்ற பின்னும் 3 புலிகளும் பலகையில் இருக்கின்றன. வலியோரின் வீழ்ச்சியைக் கூறும் நீதிக்கதைக்கு இம்முடிவு பொருந்தாது. காட்டோரத்து வாழ்வுக்குப் பொருந்தும்.

விதிகளை முழுமையாகப் பதிவு செய்யாமல் இத்தகைய ஆய்வு இயலாது. இதே மலையில், உதகை மன்றத்தில், 1882இல் நெவில் சேம்பர்லின் வகுத்ததாகக் கூறப்படும் ஸ்னூக்கர் விதிகளுக்கு எழுத்துவடிவம் கிடைத்தது. எதிரியின் வழியை மறித்து நிறுத்துவதே அதிலும் தேர்ந்த உத்தி என்பது சுவையான செய்தி. தரையில் கரியால் கட்டம் வரைந்து ஆடியோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நாட்டார் விளையாட்டுத் தொகுப்புகளோ கட்டத்தை வரைந்து காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. எத்தனை ஆடுகள் வெட்டுண்டால் புலி வென்றதாகும்? 15 ஆடுகளையும் வைத்து முடிக்குமுன் ஆடு நகரலாமா? ஒரே முறையில் புலி தொடர்ந்து தாண்டலாமா? இவை சிறு வேறுபாடுகள் அல்ல. நேபாளத்துப் பாக்சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். 5 ஆடுகள் வெட்டுண்டால் புலி வெல்லும். இழப்பின்றி ஆடுகள் யாவும் இறங்கிவிட்டால் அங்கே எஞ்சுவது 1 வெற்றிடம். நம் ஆட்டத்தில் 5. தாண்டவியலாத புள்ளிகள் அங்கே 4 மூலைகள் மட்டுமே, இங்கே 7. நம் ஆடுகளுக்குப் புகலிடம் மிகுதி. நம் புலிகளுக்கு மூச்சுவிடும் இடமும் மிகுதி. வைத்து முடிக்குமுன் ஆடு நகரக்கூடாது என்னும் விதியைக் கொள்ளும் ஊரில், அருகில் வந்து நிற்கும் புலியைக் கண்டும் ஆடு விலகவியலாது; அதன் பின்னிடத்தில் இன்னோர் ஆட்டை வைத்தே அதைக் காக்கவேண்டும்.