செங்கடம்பு என்பதன் அடைமொழி

திருமுருகாற்றுப்படையில் முருகப்பெருமான் மார்பின் மாலைக்குரியதாக நக்கீரனார் கூறிய மரம் மராஅம் என்பது. அதன் பூவை அவர் உருளோடு ஒப்பிட்டார். உரைகண்ட நச்சினார்க்கினியர் அம்மரத்தைச் செங்கடம்பென்றும், உருளென்றது தேருருளையென்றும் பொருள் கொண்டார். இக்காலத்துச் செங்கடம்பென வழங்கும் மரமே அதுவென்று இவ்வுரை கொண்டு துணிவாருளர். அத்துணிபு பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரியுள் அம்மரம் மிகுதியாக நிற்கின்றது. 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, ஊரார் வேண்டுகோட்கிணங்கிப் பறவைகளுக்குக் காவல் நல்கிய ஏரி அதுவே. நீர்க்கடம்பென்றும் அம்மரத்தைக் கூறுப. அதன் பூ உருண்டையன்று. சாட்டைபோல நீண்டு தொங்கும் இணரில், செந்நிறக் கேசரங்கள் விரிய மாலையில் மலர்ந்து, மறுநாட்காலையில் நீர்மேல் உதிர்ந்துவிடும். இதனை உருளென்று சொல்லக் கண்டறிந்தார் ஒருப்படார். மாலை தொடுப்பாரும் ஒருப்படார். பந்துபோலத் திரண்டு, மஞ்சள் கலந்த பொன்னிறங் கொள்வது வடநூலார் கதம்பமென்னும் மரத்தின் பூவே. மெய்ம்மயிர் சிலிர்த்தலுக்கு அவர்கள் உவமையாக எடுப்பதும் அதனையே.

அங்ஙனமாயின் உரைகாரர் பிழைத்தனரோ எனின், அன்று. பிழை, செம்மையென்பதைக் குருதிநிறம் ஒன்றற்கே உரித்தாக்கிய நம்மதே. செம்பொன், செஞ்ஞாயிறு என்னும் வழக்குக்களை நோக்குக. இறைவன் திருமேனியைப் பவளமென்றும் பொன்னென்றும் தேவார ஆசிரியர்கள் ஒருங்கே பாடினமையும் நோக்குக. செவ்வந்தியையும் ஈண்டுக் காட்டலாம். ஆயின் அது வடசொற் சிதைவென்பாரும் உளராதலின் விடுக்கப்பட்டது.

இன்னும், மரப்பெயரின் நிற அடை எப்பொழுதும் பூவைச் சுட்டுவதன்று. அவ்வேரியிலேயே நிற்கும் கருவேலின் பூ பொன்னிறத்தது, கருமை பட்டையின்மேலது. செஞ்சந்தனத்திற்கோ செம்மை வயிரத்தின்கண் உள்ளது. கடம்பில், வெண்கடம்பென்னும் இனத்தை விலக்க வந்த பண்படையே செம்மை; வெண்மையின் வேறாய பொன்னிறமும் அதனுள் அடங்கும்.

அப்பரடிகள் திருக்கடம்பூர்த் திருக்குறுந்தொகையில் பெருமானைக் கடம்பன் என்று அடையின்றியே வழங்கினார். திருக்கோயில் நந்தவனத்திற் கடம்பு வைப்பார், செங்கடம்பென்னும் பெயரளவில் அமையாது, பூவின் வடிவையும் கேட்டறிந்து கன்று கொள்க.